கண்ணுக்குத் தெரியாத ஸ்பீக்கர்

"கண்ணுக்கே தெரியக் கூடாது பாய்" என்று மூன்றாம் முறையாகச் சொன்னான் ஜெரால்ட். ரிச்சி தெருக் கடையில் விசிறிக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சிலுவையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணுக்குத் தெரியக் கூடாதென்றால் வாங்காமலே போய்விடலாமே, இதற்கு ராயபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் இடிபட்டு வரவேண்டுமா? பெற்ற பிள்ளைதான். ஆனாலும் இரண்டு வருஷம் ஏசி ஆபீசில் உட்கார்ந்ததும் இவனுக்கு வந்திருக்கிற பவிசைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். காலேஜ் முடிக்கிற வரைக்கும் வாய் நிறைய "நைனா" என்று கூப்பிட்டவன், இப்போது "டாடி" என்கிறான். அந்த டாடி அவன் வாயில் இரவல் சட்டை மாதிரி லொடலொட என்று தொங்கும்.

கடைக்காரர் ரஷீது பாத்ரூமுக்கென்று சோப்புப் பெட்டி அளவில் ஒரு ஸ்பீக்கரை எடுத்து வைத்தார். டைல்ஸில் ஒட்டிவிட்டால் போதுமாம். "தெரியுதே" என்று ஒதுக்கினான். கிச்சன் ஷெல்ஃபுக்கு அடியில் ஒளித்துவைக்கிற நீளமான ஒன்று வந்தது. அதுவும் தெரிகிறதாம். கடைசியில் வெள்ளையாக, வட்டமாக, சல்லடைபோல் ஒன்றைக் காட்டினார் ரஷீது.

"இத்த சீலிங்ல பதிச்சுட்டா லைட்டுன்னுதான் நெனைப்பாங்க. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது. கவலப்படாதீங்க தம்பி, கதவ மூடிட்டா ஹால்ல அவ்ளோவா சத்தம் கேக்காது."

"கேக்கணும்" என்றான் ஜெரால்ட்.

ரஷீது நிமிர்ந்து பார்த்தார். பாத்ரூம் பாட்டு ஹாலுக்குக் கேட்கவேண்டும் என்று கேட்டு வந்த முதல் ஆள் இவனாகத்தான் இருக்கும். சிலுவையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விஷயம் அவளுக்குத் தெரியும்.

அவர்கள் வீட்டுப் பாத்ரூம் கதவு ஹால் சோபாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவள் புருஷன் தவசிமுத்து ஹார்பரில் கரி இறக்கியவர். வேலையை விட்டு வந்த பிறகும் கரி அவரை விட்டுப் போகவில்லை. சாப்பிட்டுக் கை கழுவப் பாத்ரூமுக்குள் போனால் இருமல் ஆரம்பிக்கும், அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தெருமுனை வரைக்கும் போகும். ஞாயிற்றுக்கிழமை ஜெரால்ட் விரும்புகிற கிறிஸ்டினாவின் வீட்டார் கல்யாணம் பேச வருகிறார்கள். முகப்பேர்க்காரர்கள், அந்தப் பெண்ணின் அம்மா ஸ்கூல் பிரின்சிபாலாம். அன்றைக்கு டாடியைப் பெரம்பூரில் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்றுதான் ஜெரால்ட் முதலில் கேட்டான். "அப்பன் இல்லாம கல்யாணம் பேசறதுக்கு நீ இன்னா அநாதையாடா?" என்று கரண்டியை ஓங்கிவிட்டாள். அப்புறம்தான் அய்யா இந்தச் சமரசத்துக்கு இறங்கி வந்தார். டாடி இருக்கட்டும், அவர் உள்ளே போனால் மேலே பாட்டு ஓடும், இருமல் அதில் அமுங்கிவிடும். தூ! கழுத்தில் அவன் தொங்கவிட்டிருக்கிற கம்பெனி அட்டை வரைக்கும் அந்தக் கரியில் வந்ததுதான். ஆனாலும் அவள் ஒத்துக்கொண்டாள். மனுஷன் சபையில் இருந்தால் போதும் என்று நினைத்தாள். புருஷனிடம், "பாட்டு கேக்கறதுக்கு ஒம் புள்ள ஆசையா வாங்கியாந்துகிறான்" என்று பொய் வேறு சொன்னாள். மகன்மேல் இருந்த அருவருப்பில் பாதியைத் தனக்கும் எடுத்துவைத்துக்கொண்டாள்.

தவசிமுத்து அதை அப்படியே நம்பினார். சீலிங்கில் பதித்து முடித்ததும் அண்ணாந்து நின்று ஆசை தீரப் பார்த்தார். மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி, "எம் மவன் எனுக்கோசரம் பாத்ரூம்ல பாட்டு வச்சுகிறான்யா. எங்கேர்ந்து பாடுதுன்னே தெரியாது!" என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

சனிக்கிழமை மதியம் ஒத்திகை. அது ஒத்திகை என்பது அவருக்கு மட்டும் தெரியாது. மீன் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார். சோபாவில் இருந்த ஜெரால்ட் போனைத் தட்டினான். பாட்டு எழுந்தது. நிஜமாகவே இருமல் கேட்கவில்லை. துரை அம்மாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அந்த விரலை ஒடித்து அடுப்பில் போடலாம் போலிருந்தது அவளுக்கு.

அப்போது அவன் போனில் கிறிஸ்டினாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. அம்மா எதிரில் இருக்கிறாளே என்று போனைக் காதோரம் கொண்டுபோய்த் தட்டினான். காதில் ஒன்றும் விழவில்லை. சத்தத்தைக் கூட்டினான். இன்னும் கூட்டினான். மக்கு, போன் இன்னும் ஸ்பீக்கரோடு சேர்ந்திருப்பதை மறந்துவிட்டான். உள்ளே பாட்டு நின்றது. பாத்ரூம் கூரையிலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று இறங்கியது.

"...சாங் ஓடும், ஒண்ணும் கேக்காதுன்னு மம்மிகிட்ட சொல்லிட்டேன் ஜெரி. ஆனா அங்கிள் சாப்பிடுற எடத்துல உட்கார்ந்து இருமினா? அவர் இருமுறதைக் கேட்டா உனக்கே சாப்பாடு எறங்காதுன்னு நீதானே சொன்னே? பேசாம அவரை உங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடு. மத்தவங்ககிட்ட கோயில் வேலையா போயிருக்கார்னு சொல்லிக்கலாம்."

மெசேஜ் முடிந்ததும் பாட்டு, விட்ட இடத்திலிருந்து தானாக ஆரம்பித்தது. ஜெரால்ட் பதறிப்போய் அதை அணைத்தான்.

உள்ளே குழாய் திறந்தது. வாளியில் தண்ணீர் கொட்டுகிற இரைச்சல் எழுந்தது. சிலுவையம்மாள் காத்திருந்தாள். இருமல் வரவில்லை.

எழுந்து போய்க் கதவருகே நின்றாள். "யோவ்."

"இதோ... வந்துட்டேன்." குரல் அவருடையதாக இல்லை. வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு பேசுகிறார் போலிருந்தது. நடுவில் தொண்டைக்குள்ளேயே எதையோ விழுங்கினார். விழுங்கியது திரும்ப எம்பியது, மறுபடியும் விழுங்கினார்.

"அடக்காதய்யா. இருமு."

"ஒண்ணுமில்ல. நீ போ."

"மம்மி, கத்தாத. பக்கத்து வூட்ல கேக்கும்" என்றான் ஜெரால்ட். பதற்றத்தில் அவனுக்கே தெரியாமல் வாயில் "வூடு" வந்துவிட்டது.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். திட்டுவதற்குக்கூட இவன் லாயக்கில்லை என்று தோன்றியது. கதவை இரண்டு கையாலும் அறைந்தாள்.

"இருமுய்யா! நல்லா வாய் வுட்டு இருமு! யாருக்குய்யா பயப்படறே? உன் வூடுய்யா இது!"

வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. கதவடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்து அவள் காலை நனைத்தது. அவள் மறுபடியும் கதவை அறைந்தாள்.

உள்ளே ஷவரும் திறந்துகொண்டது.