சாட்சிக்கு ஓர் ஆள்

ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது லம்ஜத்துக்கு நெஞ்சு வலி பாதி குறைந்திருந்தது. வெட்கம்தான் முழுசாக வந்திருந்தது. துனிசியாவின் ஸ்பாக்ஸ் நகரில் பத்தொன்பது வருஷமாக அதே ஆம்புலன்ஸில் ஓடுகிறவன், விடுமுறை நாள் காலையில் தன் ஆபீசுக்கே போன் போட்டு, "மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது" என்று சொல்லியிருந்தான்.

வந்தவர்களும் அவனோடு தினமும் போகிறவர்கள்தான். மருத்துவ உதவியாளர் கமர், டிரைவர் மூல்தி. கமர் அவன் மார்பில் ஒயர்களை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தாள்.

"அண்ணே, இது நல்லாயில்ல. கிளம்புங்க."

"வெறும் வாயுதாம்மா. நேத்து லப்லாபி சூப்புல ஹரிஸா மிளகாய் விழுதை அள்ளிப் போட்டுக்கிட்டேன்."

"நோயாளிங்க இதையே சொன்னா நீ சிரிப்பியேடா," என்றார் மூல்தி. "இப்ப நான் சிரிச்சுக்கட்டா?"

லம்ஜத்துக்குப் பயம் சாவைப் பற்றியில்லை. இதயக் கோளாறு என்று ஆஸ்பத்திரியில் எழுதிவிட்டால், வண்டியிலிருந்து இறக்கிப் போன் எடுக்கும் மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள். வண்டியில் பன்னிரண்டு மணி நேரம் இரண்டு பேர் அவனைத் திட்டிக்கொண்டாவது இருந்தார்கள். மனைவி பிரிந்துபோன ஆறு வருஷமாக வீட்டில் சத்தம் போடுவது ஃபிரிட்ஜ் மட்டும்தான். அதுவும் அவனிடம் எதையும் கேட்டதில்லை.

"நான் வரலை. மறுப்புப் படிவத்தைக் குடு."

கமர் படிவத்தை நீட்டினாள். "சாட்சி யாருண்ணே?"

ஆமாம், சாட்சி. இரண்டு வருஷத்துக்கு முன்னால், வரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட ஒருவர் அன்று சாயங்காலமே இறந்துபோனார். கையெழுத்தே பொய் என்றது குடும்பம். அந்த வீட்டுக்குப் போயிருந்த ஆம்புலன்ஸ் ஊழியருக்கு எட்டு மாதம் வேலை இல்லை. அப்புறம் நடந்த சங்கக் கூட்டத்தில், 'நம்ம வேலை உயிரைப் பாக்கறதா, காகிதத்தைப் பாக்கறதா?' என்று பாதிப் பேர் கத்த, லம்ஜத்துதான் எழுந்து மேஜையைக் குத்தினான். வெளியாள் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடாமல் நோயாளியை விட்டுவிட்டு வண்டி நகரவே கூடாது என்றான். சாட்சிக்கு ஆள் இல்லாத வீடு ஊரில் எங்கே இருக்கிறது என்றும் கேட்டான்.

"அன்னிக்கு உங்களுக்குக் கை தட்டினதுல நானும் ஒருத்தி," என்றாள் கமர்.

"எதிர் வீடு இருக்கு." தடுத்தவளை மீறி எழுந்தான். ஒயர்கள் சட்டைக்கு வெளியே தொங்கின. கமர் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

எதிர் வீட்டு ஜகியா அம்மாள் சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தாள். "யாரு செத்தது?"

"இன்னும் யாரும் சாகலைம்மா. நான்தான், எதிர் வீடு."

"நீங்க ஆம்புலன்ஸ்காரர்தானே? நோயாளி எங்கே?"

கமர் விளக்கினாள். அம்மாள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படிவத்தை நிதானமாக வாசித்தாள். "'இவரை நான் நன்கு அறிவேன். சுயநினைவோடுதான் மறுக்கிறார்.'" நிமிர்ந்தாள். "பதினோரு வருஷமா படியில பாக்கறேன் தம்பி. உங்க பேரே இதைப் படிச்சுத்தான் தெரியுது. நன்கு அறிவேன்னு நான் எப்படிப் போடுவேன்?"

ஊழியர்கள் தெருவில் போகிற எவனையாவது பிடித்துக் கையெழுத்து வாங்கி ஏமாற்றிவிடக் கூடாதென்று அந்த வரியைச் சேர்க்கச் சொன்னதும் லம்ஜத்துதான். அவளிடம் கோபப்பட ஒன்றுமில்லை. தனக்கும் அவள் பெயர் அழைப்பு மணிக்குப் பக்கத்துப் பெயர்ப் பலகையைப் பார்த்துத்தான் தெரியும்.

"போய்க் காட்டிட்டு வாங்க தம்பி. வயசு இருக்கு," என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

மற்றக் கதவுகளை அவன் பார்த்தான். எதையும் தட்டவில்லை.

சக்கர நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் மூல்தி அவன் தின்ற சாண்ட்விச்சுகளைச் சபித்தார். ஸ்ட்ரெச்சரில் படுத்தபோதுதான் வண்டியின் மேல்கூரையை முதல்முறையாகப் பார்த்தான். பத்தொன்பது வருஷம், யாரும் அதைத் துடைக்கவேயில்லை.

கமர் புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள். "ஏதாவதுன்னா யாருக்குத் தகவல் சொல்றதுண்ணே?"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நம்ம ஆபீஸ் நம்பரை எழுதிக்கோ."

"அது நாமதானேண்ணே."

"எப்பப் போன் போட்டாலும் யாராவது எடுப்பாங்க இல்ல."

"அடுத்த வாரத்துலேருந்து அதை எடுக்கப்போறதே நீதாண்டா!" என்றார் மூல்தி, முன்னாலிருந்து.

லம்ஜத் சிரித்தான். சிரிக்க நெஞ்சு வலித்தது. கமர் சிரிக்கவில்லை. தகவல் சொல்ல வேண்டியவரின் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த கட்டத்தில் ரத்த அழுத்தத்தை எழுதினாள்.