மீனுக்கு ஒரு சர்வீஸ் கார்டு

ஓவன் கதவைத் திறந்தால் எங்கள் சமையலறையில் வழி அடைபட்டுவிடும். திறந்த கதவின் முனைக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே பதினொரு சென்டிமீட்டர்தான் இடம். அளந்து நோட்டில் குறித்திருக்கிறேன். கதவு திறந்திருக்கும்வரை தொட்டிப் பக்கம் நிற்பவர் வெளியே வர முடியாது, கூடத்தில் நிற்பவர் உள்ளே போக முடியாது.

எங்கள் சமையலறை என்று எழுதிவிட்டேன். சரியாகச் சொன்னால் அது அக்காவின் சமையலறை. அக்காவும் அத்தானும் வாடகைக்கு இருக்கும் நான்காவது மாடி வீட்டில், கூடத்தை அலமாரியால் மறித்த ஓரத்தில், எட்டு மாதமாக நான் இருக்கிறேன். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. செவ்வாய், வியாழன் மாலைகளில் ஆய்வக உதவியாளர் பயிற்சி வகுப்பு.

வீட்டில் மீன் நாளும் செவ்வாயாகவே அமைந்துவிட்டதுதான் தொல்லை. வாரத்தில் ஒரு நாளாவது கொழுப்புள்ள மீன் சாப்பிடச் சொல்லி அத்தானுக்கு டாக்டரின் உத்தரவு. நான் வந்த முதல் வாரம் உறைய வைத்த மீன் பொட்டலத்தின் பின்பக்கம் அச்சடித்திருந்ததைப் பார்த்து, சால்மன் மீனுக்குத் தேனும் சோயா சாஸும் பூண்டும் காய்ச்சிப் பூசி ஓவனில் வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்ததும் அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுக்குப் பேர்தான் கைப்பக்குவம். எல்லாருக்கும் வராதும்மா."

அன்றைய பக்கத்தில் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன். இப்போது அந்தக் கோட்டைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. அதற்குப் பிறகு முப்பத்தோரு செவ்வாய்க்கிழமைகள் வந்தன. முப்பத்தொன்றிலும் மீனை நான்தான் செய்தேன்.

"இருபது நிமிஷ வேலைதானே" என்று அத்தான் சொல்வார். பொய் இல்லை. மீன் வேக இருபது நிமிடம் கூட ஆகாது. காலையில் மறக்காமல் ஐஸிலிருந்து எடுத்து வைப்பது, ஈரம் ஒற்றுவது, பூச்சு காய்ச்சுவது, தட்டில் கருகி ஒட்டிய தேனை மறுநாள் சுரண்டுவது, இவையெல்லாம் எந்த இருபதில் சேரும் என்று நான் கேட்டதில்லை. யாராவது கட்டாயப்படுத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பேனோ என்னவோ. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பாராட்டிக்கொண்டே இருந்தார்கள்.

வகுப்பு ஆறரைக்கு. ஆறு நாற்பதுக்குக் காவலாளி கேட்டைப் பூட்டிவிடுவார். மூன்று நாள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். நான் ஏற்கெனவே இரண்டு நாள் போகவில்லை. இரண்டுமே செவ்வாய். ஒரு தடவை அத்தான் சொல்லாமல் நண்பரைக் கூட்டி வந்ததால் மறுபடி ஓவனை மூட்ட வேண்டியிருந்தது. இன்னொரு தடவை பூச்சு கருகி, முதலிலிருந்து செய்தேன். மூன்றாவதும் போனால் எட்டு மாதப் படிப்பும் தண்ணீரில் போட்ட மாதிரிதான்.

போன வியாழன் ஆசிரியை ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். வீட்டு வேலை ஏதாவது ஒன்றுக்குச் செய்முறை எழுத வேண்டும். அந்த வேலையைச் செய்தே பழக்கமில்லாத ஒருவர், தாளை மட்டும் பார்த்துச் செய்து முடிக்க வேண்டும். அவருடைய கையெழுத்தும் வேண்டும். "ஆய்வகத்தில் கைராசி என்று எதுவும் கிடையாது. தாளில் இல்லாதது உங்கள் கையிலும் இருக்கக் கூடாது" என்றார்.

எனக்கு உடனே அத்தான் நினைவுக்கு வந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு சர்வீஸ் கார்டு உண்டு. அதில் ஒரு கட்டத்தைக்கூட டிக் போடாமல் அவர் தாண்டியதில்லை. ஆகவே நான் மீனுக்கு ஒரு சர்வீஸ் கார்டு தயாரித்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பன்னிரண்டு வரிசை எண்கள், எதிரே டிக் கட்டங்கள். கடைசியில் அவருடைய கார்டில் இருப்பது போலவே 'குறிப்பு', 'அடுத்த சர்வீஸ் தேதி', 'பணியாளர் பெயர்', 'கையொப்பம்'. ஒரு நகல் என் நோட்டில்.

செவ்வாய் ஐந்தரைக்கு அத்தான் வந்து காலுறையைக்கூடக் கழற்றவில்லை. கார்டை நீட்டினேன்.

"என்னது, டாக்டரம்மா?" வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அவர் என்னை அப்படித்தான் கிண்டலாகக் கூப்பிடுவார்.

"இன்னிக்கு மீன் நீங்க செய்றீங்க அத்தான். எனக்கு வீட்டுப்பாடம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், எல்லாம் இதுல இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். கட்டங்களைப் பார்த்ததும் முகம் மாறியது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தேதியும் நேரமும் போட்டார்.

நான் பையை மாட்டிக்கொண்டு சமையலறை வாசலுக்கு வெளியே நின்றேன். உள்ளே நின்றால் மாட்டிக்கொள்வேன் என்பதை யோசித்து வைத்திருந்தேன். ஆறு ஐந்துக்கு ஒரு பஸ், ஆறு இருபதுக்கு ஒரு பஸ். முதலாவதைப் பிடித்தால் நிம்மதி. இரண்டாவதைப் பிடித்தால் ஆறு முப்பத்தேழுக்குக் கேட்.

"ஒண்ணு. ஓவன் இருநூறு டிகிரி." டிக். "ரெண்டு. மீன் துண்டு நாலையும் காகிதத் துணியால ஈரம் போக ஒற்றவும்." குழந்தைக்குத் தலை துவட்டுவதைப் போல ஒற்றினார். டிக். "மூணு. உப்பு, சிவப்பு மூடி போட்ட டப்பா. அடடே, இதுவா அது! இத்தனை நாளா எங்க இருந்துச்சு?"

"அங்கேயேதான் அத்தான்."

தேன் மூன்று கரண்டி, சோயா சாஸ் இரண்டு, துருவிய பூண்டு, எலுமிச்சைச் சாறு ஒரு கரண்டி. நான்கு நிமிடம் காய்ச்சினார். கரண்டியின் முதுகில் விரலால் கோடு கிழித்து, கோடு மூடாமல் நிற்கிறதா என்று பார்த்தார். அந்த வரியை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. அது சரியாக வேலை செய்ததைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். மீன் ஓவனுக்குள் போனது. எட்டு நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து முதல் பூச்சைப் பூசினார். மணி ஐந்து ஐம்பத்தெட்டு. கிளம்பிவிடலாம் என்று செருப்பைத் தேடினேன்.

"ஒன்பது" என்று வாசித்தார். "பளபளப்பு வந்ததும் வெளியே எடுக்கவும்." குனிந்து பார்த்தார். "வந்தாச்சே. எடுத்துடவா?"

"ஐயோ, இப்பத்தானே பூசினீங்க! இன்னும் வேகணும்!"

"கார்டுல பளபளப்புன்னு இருக்கு. தேன் பூசினா உடனே பளபளங்காம வேற என்ன பண்ணும்?"

அவர் சொன்னது சரி. எட்டு மாதம் செய்திருக்கிறேன், ஐந்து நாள் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன், ஏழு தடவை திருத்தியிருக்கிறேன். பூசிய நொடியிலிருந்தே அது பளபளக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இன்னும் நாலு நிமிஷம் விடுங்க" என்றேன்.

"அதெல்லாம் நடக்காது. கார்டுல சந்தேகம்னா வேலைய நிறுத்தணும். எழுதினவங்க வந்து பாத்து, திருத்தி எழுதித் தரணும். இல்லாட்டி நான் கை வைக்க மாட்டேன். போன வருஷம் ஒருத்தன் வாய் வார்த்தைய நம்பி ஒரு போல்ட்டை விட்டுட்டான், தெரியுமா?"

"இது மீன் அத்தான்."

"வேலைன்னா வேலைதான். வா உள்ள."

உள்ளே போனேன். தொட்டி மேடையில் கார்டை வைத்து, ஒன்பதாவது வரியை அடித்தேன். கண்ணாடி வழியாகத் தெரியாது என்று அத்தான் எனக்குப் பின்னாலிருந்து ஓவன் கதவை முழுக்கத் திறந்தார். வழி அடைபட்டது.

நான்கு நிமிடம் என்று எழுதினால் போதாது. துண்டு தடிமனாக இருந்தால் ஐந்து, ஓவனில் சூடு ஏறியிருந்தால் மூன்று. அப்படியானால் எப்போது எடுக்க வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரிகிறது? உண்மையில் தெரிகிறதா, அல்லது அவர்கள் சொல்வது போல ஏதோ கைப்பக்குவம்தானா? அப்படி இருந்தால் இந்த வீட்டிலிருந்து எந்தச் செவ்வாயும் நான் வெளியே போக முடியாது. தொட்டிக்கு மேலே இருந்த ஜன்னலில் பஸ் நிறுத்தம் தெரிந்தது. ஆறு ஐந்து பஸ் வந்தது, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போனது.

"சூடு போகுது, டாக்டரம்மா. சீக்கிரம்."

நான் தட்டைப் பார்த்தேன். மீனைப் பார்த்ததாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் கண் தானாகத் தட்டின் மூலைக்குப் போனது. அங்கே வழிந்து தேங்கிய பூச்சு, மீனின் மேல் இருப்பதற்கு முன்பே குமிழ்விட்டுக் கறுக்கும். நான் எப்போதும் அதைத்தான் பார்த்திருக்கிறேன். 'தட்டின் மூலையில் வழிந்த பூச்சு குமிழ்விட்டுக் கறுக்கத் தொடங்கியதும் வெளியே எடுக்கவும்' என்று எழுதினேன். அவசரத்தில் 'கறுக்க' கோணலாக விழுந்தது.

அத்தான் வாசித்தார். "ம். இது கண்ணுக்குத் தெரியுது. சரி." ஆனால் எட்டாவது வரியில், 'நான்கு துண்டுகளின் நான்கு பக்கமும் படும்படி' பூச வேண்டும் என்று நானே எழுதியிருந்தேன். முதல் தடவை மேலே மட்டும்தான் பூசியதாக அவருக்கு இப்போது நினைவு வந்தது. பிரஷை எடுத்து, திறந்த கதவை ஒட்டிக் குந்தி, முதல் துண்டின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

வாசலில் சாவி திரும்பும் சத்தம். அக்கா சலவைக்கூடத்து வேலை முடிந்து, கஞ்சி வாசனையோடு கூடத்தில் வந்து நின்றாள். ஓவன் கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், கதவை ஒட்டிக் குந்திய அத்தான்.

"என்னடி, உன்னை லாக்கப்ல போட்டுட்டாரா?"

"பேசாம இரு, வேலை நடக்குது" என்றார் அத்தான்.

"நீங்களா? வேலையா?" அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஊர்ல லிஃப்ட்ல மாட்டினவங்கள எல்லாம் இழுத்து வெளிய விடுறீங்க. வீட்டுல ஒருத்தி மாட்டிக்கிட்டு நிக்கிறா பாருங்க."

பதினாறாவது பக்கமும் முடிந்து கதவு மூடியபோது மணி ஆறு பதிமூன்று. வெளியே வந்து செருப்பை மாட்டினேன். அக்கா என் அருகே குனிந்து தன் ஷூ நாடாவை அவிழ்த்தபடி, மெதுவான குரலில் சொன்னாள்.

"இதே கைப்பக்குவம் எனக்கும் இருந்துச்சு. அப்போ மீன் இல்ல, கோழி. தேன் பூசின கோழி. கல்யாணமான புதுசுல வாரா வாரம்."

"நீ சமைச்சா கருகிடும்னுதானே அத்தான் சொல்லுவார்?"

"மூணு வாரம் வேணும்னே கருக்கினேன். உனக்கு இது கை வரலேன்னு விட்டுட்டார். அப்புறம் ரெண்டு பேரும் கடையில வாங்கித் தின்னே காலத்த ஓட்டினோம். டாக்டர் திட்டினதும் நான்தான் சொன்னேன், தங்கச்சிய வரச் சொல்லலாம், இங்க வகுப்பும் இருக்குன்னு."

எனக்குச் செருப்பு வார் கையில் அகப்படவில்லை. "என்னைப் படிக்க வைக்கத்தான் கூப்பிட்டேன்னு நெனச்சேன்."

அக்கா நாடாவை இழுத்தாள். "அதுக்கும்தான்."

அந்த ஒரு 'உம்'மில் எட்டு மாதம் இருந்தது. கோபப்படலாமா என்று யோசித்தேன். வாரம் ஆறு நாள் நின்றபடி இஸ்திரி போடுகிறவள் அவள். யோசித்து முடிப்பதற்குள் உள்ளேயிருந்து அத்தான் குரல் கொடுத்தார்.

"டாக்டரம்மா! மூலையில கறுக்குது. இது கறுப்பா, இல்ல காப்பிக்கலரா? ஒரே ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போயேன். ஒரு நிமிஷ வேலைதான்."

என் கால் திரும்பிவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டேன். கருகிவிட்டால் என்ற பயம் எனக்கு அவரைவிட அதிகம். அக்கா என்னைத் தடுக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'கறுக்கத் தொடங்கியதும்'னு எழுதியிருக்கேன் அத்தான்" என்றேன். "தொடங்கிடுச்சான்னு நீங்கதான் பாக்கணும்."

"கையெழுத்து வேண்டாமா உனக்கு? வேலை முடியாம நான் போட மாட்டேன்!"

"முடிச்சிட்டுப் போட்டு, படம் எடுத்து அனுப்புங்க."

நான்கு மாடியும் படியில் இறங்கினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கத் தைரியம் இல்லை. ஆறு இருபது பஸ்ஸின் கதவு மூடும்போது ஏறினேன். வழி முழுக்க மூலையில் கருகும் தேனின் மணம் மூக்கில் இருந்தது. என் சட்டையிலிருந்து வந்ததா, மனத்திலிருந்து வந்ததா என்று தெரியவில்லை. காவலாளி சங்கிலியைக் கையில் எடுத்திருந்தார். ஆறு முப்பத்தொன்பது. உள்ளே போய் வருகைப் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன்.

ஏழு மணிக்குப் படம் வந்தது. கார்டில் பன்னிரண்டு டிக். கீழே அத்தானின் கையொப்பம். 'குறிப்பு' கட்டத்தில்: 'மீன் அருமை. உன் கைப்பக்குவம் அப்படியே இருக்கிறது.'

இரண்டு தடவை படித்தேன். அந்த மீனை நான் தொடக்கூட இல்லை.

'அடுத்த சர்வீஸ் தேதி: அடுத்த செவ்வாய்' என்று போட்டிருந்தார். அன்று அதைச் செய்யப்போகும் 'பணியாளர் பெயர்' மட்டும் காலி. அதோடு ஒரு செய்தி: 'இதை நீயே நிரப்பிக்கோ.'

ஆசிரியை மேசை மேசையாக வந்தார். படத்தையும் என் நோட்டிலிருந்த நகலையும் பார்த்தார். ஒன்பதாவது வரியின் திருத்தத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "இது நல்லா இருக்கு" என்றார். பிறகு விரலை வெற்றுக் கட்டத்தில் வைத்தார். "இது ஏன் காலியா இருக்கு? காலிக் கட்டத்தோட தாள் வாங்க மாட்டேன்."

அவர் அடுத்த மேசைக்குப் போனதும் படத்தில் இருந்தவற்றை நோட்டில் நகல் எடுத்தேன். காலிக் கட்டத்தில் பென்சிலால் என் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டேன். பழக்கம். அழித்தேன். காகிதம் கொஞ்சம் சொரசொரப்பானது. அதன் மேலேயே பேனாவால் 'அத்தான்' என்று எழுதினேன். அழித்த இடத்தில் மை லேசாகப் பரவியது, ஆனால் படிக்க முடிந்தது. அதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டார் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீல டிக்குகள் வந்தன.

வகுப்பு முடிந்ததும் அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.