ஒரு வார அமைதி

"மண்ணு மயிரிழை அசைஞ்சா உங்களுக்குத் தெரியுது. பக்கத்துல நான் ஒருத்தி இருக்கறது தெரியலை" என்று சொல்லிவிட்டு என் மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. நிலநடுக்க ஆற்றல் பற்றிய மாநாட்டில் பேசப்போகிறேன், வந்து கேள், அப்புறம் திரும்பி வருவதா வேண்டாமா என்று முடிவு செய் என்று கெஞ்சினேன். வந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போலக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அவளை அசத்திவிடலாம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுப் பின்னறையில் தரையோடு பதித்த அதிர்வுமானி ஒன்று இருக்கிறது. ஒரு வருடமாகத் தினமும் காலையில் அது பதிவு செய்த சின்னச் சின்ன நடுக்கங்களைத் திரையில் காட்டினேன். பூமிக்கடியில் ஒரு விரிசல் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் ஆற்றலை வெளியே விடுகிறது என்றேன். அடுத்த படத்தில் தட்டையான கோடு.

"ஒரு வாரமா நடுக்கமே இல்லை. அத்தனை ஆற்றலும் உள்ளே சேருது. பெரிசா ஒண்ணு வரப்போகுது!" குரலை வேறு தாழ்த்திக்கொண்டேன். பேய்க்கதை சொல்கிறவன் தோற்றான் போங்கள்.

தலைமை வகித்த பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "ஞாயித்துக்கிழமை மட்டும் ரெட்டிப்பா நடுங்குதே. பூமிக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமா?"

அரங்கம் சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன்.

"அன்னைக்குத்தான் போர்வை, ஜன்னல் திரை எல்லாம் போடுவேன்." என் மனைவி எழுந்து நின்றாள். "அந்தக் கருவி இருக்கிற அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்க வாஷிங் மெஷின் இருக்கு, மேடம். ஒரு கால் உடைஞ்சு குதிக்குது. மாத்துங்க மாத்துங்கன்னு ஒரு வருஷமா இவர்கிட்ட தொண்டை கிழியக் கத்தறேன். இந்த ஒரு வாரம் நான் வீட்டுல இல்லை."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மானம் கப்பலேறிய அந்த நேரத்திலும் என் கண் தட்டைக் கோட்டை விட்டு நகரவில்லை. அவள் இல்லாத அந்த ஒரு வாரம்தான் அந்தக் கோடு. அதைப் பார்த்து நான் துள்ளிக் குதித்திருக்கிறேன்.

"அவ சொல்றதுதான் சரி" என்றேன் மைக்கில். "என் கண்டுபிடிப்பை வாபஸ் வாங்கறேன்."

வாசலில் ஓடிப்போய் அவளைப் பிடித்தேன். "எங்கே போறே?"

"அக்கா வீட்டுக்கு." கைப்பையைத் தோளில் மாட்டினாள். "பெட்டியை எடுக்க. நான் சொல்றது சரின்னு நாலு பேர் முன்னாடி இன்னைக்குத்தான் சொல்லியிருக்கீங்க. ஒரு வாரத் துணியும் அப்படியே குவிஞ்சு கிடக்குமே?"

"கிடக்கு."

"போற வழியில மெஷினுக்கு அந்தக் காலை வாங்கிட்டுப் போங்க."

வாங்கினேன். நானே மாட்டினேன். இப்போது மெஷின் ஓடினாலும் கோடு அசைவதில்லை. அவள் வீட்டில் இருக்கிறாளா என்று கருவியைப் பார்த்தால் தெரியாது. அதனால் காலையில் நானே எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன்.

"என்ன வேணும்?" என்கிறாள்.

"ஒண்ணுமில்லை. இருக்கியான்னு."