கோஸுக்குப் பதில் கீரை

அந்த மருத்துவமனையில் எந்த நோயாளிக்கு என்ன சாப்பாடு என்று எழுதிக் கொடுக்கிறவளைச் சமையற்கட்டில் எல்லோரும் சத்தம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் சத்து, சத்து என்று பேசுவதால் வந்த பெயர். மற்றபடி அவளிடமிருந்து சத்தம் வந்து யாரும் கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை ஒரு தவறும் செய்ததில்லை என்பதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமை உண்டு.

அன்று காலை ஒன்பதரைக்குத் தலைமைச் சமையல்காரர் போன் செய்தார்.

"அம்மா, கோஸ் வரல. வண்டிக்காரர் பாலக்கீரைய இறக்கிட்டுப் போயிட்டாரு. மாத்திக்கலாமா?"

மேசையில் புது நோயாளிகளின் காகிதங்கள் குவிந்து கிடந்தன. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த அட்டவணையில் கண்ணை ஓட்டினாள். நூறு கிராமுக்கு இரும்புச்சத்து: கோஸில் அரை மில்லிகிராம், கீரையில் இரண்டரைக்கும் மேல். சுண்ணாம்புச்சத்தும் புரதமும் இரண்டு மடங்கு. வைட்டமின் சி ஒன்றில் மட்டும் கோஸ் கொஞ்சம் முந்தி நின்றது.

"தாராளமா மாத்துங்கண்ணே. கோஸவிட கீரை நல்லதுதான்."

"எல்லா வார்டுக்குமா?"

"எல்லா வார்டுக்கும்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஒரு புது நோயாளியின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பொட்டாசியம் என்ற சொல்லில் அவள் விரல் நின்றது. கண்ணாடிக்கு அடியில் இருந்தது அட்டவணையின் முதல் தாள் மட்டும். அதில் பொட்டாசியம் கிடையாது. இரண்டாம் தாளைத் தேடி எடுத்தாள். கோஸில் நூற்று எழுபது மில்லிகிராம். கீரையில் ஐந்நூற்று ஐம்பத்தெட்டு.

சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்கு அந்தப் பொட்டாசியம் வெளியேற வழி இல்லை. ரத்தத்திலேயே தங்கும். அளவு மீறினால் நெஞ்சுத் துடிப்பில் கை வைக்கும். இதைப் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் அவள்.

டயாலிசிஸ் வார்டுக்குப் போன் போட்டாள், யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். சமையற்கட்டுக்குப் போட்டாள்.

"டயாலிசிஸ் வார்டுக்குத் தட்டு போயிடுச்சா?"

"பன்னெண்டேகாலுக்கே போயிடுச்சும்மா."

"கீரை வேகவச்ச தண்ணிய வடிச்சீங்களாண்ணே?" வடித்திருந்தால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போயிருக்கும்.

"வடிக்கிறதா? சத்து போயிடும், வடிக்காதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. ஒரு சொட்டு விடாம மசிச்சிருக்கேன்."

அவள் போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். லிஃப்டுக்கு நிற்கவில்லை. இரண்டு மாடி ஏறி வார்டுக் கதவைத் தள்ளியபோது தொண்டையிலிருந்து வந்த குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது.

"கீரையச் சாப்பிடாதீங்க! யாரும் தொடாதீங்க!"

ஒன்பது கட்டில்களில் எட்டிலிருந்து தலைகள் திரும்பின. அவளும் நர்ஸும் ஆளுக்கொரு பக்கமாகத் தட்டுகளை எடுத்தார்கள். நாலைந்து பேர் ஒரு வாய்தான் வைத்திருந்தார்கள். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர், "உப்பில்லாத கீரைய எவன் தின்பான்" என்று தட்டைத் தள்ளியே வைத்திருந்தார். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

நர்ஸ் காதோடு சொன்னாள்: "தப்பிச்சோம். தட்டு மாறிப்போச்சுன்னு சொல்லிக்கலாம். பெரிசு பண்ண வேணாம்."

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு லிஃப்ட் மெக்கானிக். போன வருஷம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் தட்டு வழித்துத் துடைத்தாற்போல இருந்தது. பக்கத்தில் இன்னொரு கிண்ணம், அதுவும் காலி. கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி முகம் மலர்ந்து சொன்னாள்:

"ரெண்டு நாளா வாயில எதையும் வைக்கல. இன்னிக்குத்தான் ருசிச்சுச் சாப்பிட்டாரு. பக்கத்துக் கட்டில்காரர் வேணாம்னாரு, அதையும் வாங்கிக் குடுத்துட்டேன்."

சத்தம்மா நர்ஸைப் பார்த்தாள். மெக்கானிக்குக்கு அடுத்த டயாலிசிஸ் மறுநாள் காலை என்று கட்டில் அட்டையில் எழுதியிருந்தது. பேசாமல் இருந்தால் ஒன்றும் ஆகாமலே போகலாம். ஆகவும் செய்யலாம்.

"டாக்டரக் கூப்பிடுங்க. நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லுங்க. நானே சொல்றேன்."

டாக்டர் வந்தார், கேட்டார், திட்ட நேரம் செலவழிக்கவில்லை. ஈ.சி.ஜி. எடுத்தார்கள். தாளில் அலைகள் கூர்கூராக எழும்பி நின்றன; பொட்டாசியம் ஏறியதன் அடையாளம் அது. ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். ஊசியைத் தயார் செய்துகொண்டே டாக்டர், "மிஷின் எது காலி?" என்றார். எதுவும் காலி இல்லை. முதலில் முடிய இருந்ததற்கு இன்னும் நாற்பது நிமிஷம்.

அந்த நாற்பது நிமிஷம் அவள் கட்டிலருகே நின்றாள். மெக்கானிக் கால் கனக்கிறது என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சை நிறுத்தினார். நெஞ்சுத் துடிப்பைக் காட்டும் திரையில் பச்சைக் கோடு ஒருமுறை இடறி மறுபடி ஓடியது. மனைவி எழுந்து அவள் கையை இறுகப் பிடித்தாள்.

"என்னதாம்மா குடுத்தீங்க? விஷமா?"

"விஷம் இல்லீங்க. உங்களுக்கும் எனக்கும் அது நல்லதுதான். அவரு உடம்புக்குத்தான் ஆகாது. அதப் பாக்காம விட்டது நான்தான்."

"நல்லதுன்னு நெனச்சு நானே ரெண்டாவது கிண்ணத்த ஊட்டினேனே!" என்றவள் கையை உதறிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பரிசோதனை முடிவு வந்தது: ஐந்துக்குள் இருக்கவேண்டிய பொட்டாசியம் ஆறு புள்ளி ஏழு. மிஷின் காலியானதும் கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு டாக்டர் வெளியே வந்தார். "எறங்கிடுச்சு. நாலரைல இருக்கு. பேசுறாரு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ரெண்டு நாளா ஏறிட்டுதான் இருந்திருக்கணும். எல்லாமே கீரைதான்னு சொல்ல முடியாது. நீங்க இப்ப சொல்லலன்னா நாளைக்குக் காலைலதான் பாத்திருப்போம்." அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

சமையல்காரர் படியேறி வந்திருந்தார். "நிர்வாகத்துல கேட்டா, நானும் சேர்ந்துதான் மாத்தினேன்னு சொல்றேம்மா."

"வேணாம்ணே. நீங்க கேட்டுத்தான் மாத்தினீங்க. கேட்டதுக்குப் பதில் சொன்னது நான்."

மறுநாள் காலை விளக்கம் கேட்டு நிர்வாகம் அனுப்பிய கடிதத்தை வாங்கிக்கொண்டு, எழுத வேண்டியதை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தாள். ஒரு மாதத்துக்கு அவள் எழுதும் ஒவ்வொரு சீட்டையும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்று தீர்ப்பானது. பிறகு வார்டுக்குப் போனாள். மெக்கானிக் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அவளைப் பார்த்ததும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள். சிரிக்கவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள்.

"வீட்டுக்குப் போனா நான்தான் சமைக்கணும். எந்தக் காய்ல எவ்வளவு இருக்குன்னு ஒண்ணு விடாம எழுதுங்க. நல்லது, கெட்டதுன்னெல்லாம் எழுதாதீங்க. அளவு எழுதுங்க."

சத்தம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு தாளையும் மடியில் விரித்து வைத்து எழுதத் தொடங்கினாள்.