நின்றபடி செத்தவன்

அகஸ்டா பெல்லிங்குக்குத் தன் படத்தின் மேல் கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை. சந்தேகப்படுவது அவள் சுபாவத்திலேயே கிடையாது. போன இரண்டு வருஷமும் அவள் அனுப்பிய படங்களை லண்டன் பெரிய கண்காட்சிக்காரர்கள் பின்பக்கத்தில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு தடவையும் அவள் அந்தக் குறியை ஈரத்துணியால் துடைத்து, "கண்ணு தெரியாதவங்க" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள். நாரிச்சில் இருந்த அவள் அப்பா அவ்வளவு லேசாக விடவில்லை. மூன்றாவது தடவையும் குறி விழுந்தால் செல்சீ ஸ்டுடியோவைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்து, பாதிரியாரான தம்பியின் வீட்டைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றார். அகஸ்டா சரி என்று அவர் கையைக் குலுக்கிவிட்டு ரயிலேறினாள். தோற்கப் போவதில்லை என்று நம்புகிறவள் எதற்கு வேண்டுமானாலும் கை குலுக்குவாள்.

இந்தத் தடவை ஹேரோவும் லியாண்டரும். ஹேரோ கடலோரக் கோபுரத்தில் இருக்கும் பூசாரிப் பெண். லியாண்டர் எதிர்க்கரைக்காரன். அவள் ஏற்றி வைக்கும் விளக்கைப் பார்த்துத் தினமும் கடலை நீந்தி வருவான். ஒரு நாள் புயல் வந்து விளக்கு அணைந்துவிட்டது. விடிந்தபோது அவன் உடம்பு மட்டும் கரைக்கு வந்திருந்தது. அகஸ்டாவின் படத்தில் ஹேரோ அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வலது கை ஒரு பூவைத் தொடுவது மாதிரி அவன் தலைமுடிக்கு மேல் நின்றது.

படங்களை அனுப்ப வேண்டிய வெள்ளிக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, ஓவியர்கள் எல்லாரும் ஸ்டுடியோக் கதவைத் திறந்து வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், டீ குடிக்கலாம், கேக் சாப்பிடலாம், பாராட்டலாம். கல்யாணத்துக்குப் போன இடத்தில் மணப்பெண்ணைக் குறை சொல்ல மாட்டோம் இல்லையா, அப்படித்தான் அன்றைக்கும். அகஸ்டாவின் மாடிக்கு எழுபது பேர் ஏறி வந்தார்கள். அதில் கத்பர்ட் ஆன்ஸ்லோவும் ஒருவர். வெள்ளைத் தாடி, உயரமான பட்டுத் தொப்பி, முப்பது வருஷமாகப் பேர் வாங்கிய ஓவியர். எந்தப் படத்தை எந்த உயரத்தில் மாட்டுவது என்று முடிவு செய்யும் குழுவில் அவரும் இருந்தார்.

"சுத்தமான கிரேக்க உடம்பு மிஸ் பெல்லிங். இது கண் மட்டத்துல தொங்க வேண்டிய படம். நான் பேசறேன்" என்றார் அவர்.

கண் மட்டத்தில் தொங்கினால் ஊர் முழுக்கப் பார்க்கும். கூரையோடு ஒட்டி மாட்டினால் சிலந்திதான் பார்க்கும். அகஸ்டா உச்சி குளிர்ந்து போனாள். அப்பாவுக்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் வரிகூட மனசுக்குள் தயாராகிவிட்டது.

கடைசி ஆள் இறங்கிப் போன பிறகு டோர்காஸ் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆறு வாரம் ஹேரோவாக உட்கார்ந்தவள் அவள்தான். மடியில் தலைக்குப் பதிலாக ஒரு மணல் மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இன்றைக்கு டீ கொடுக்கும் வேலைக்கு வந்திருந்தாள். படத்தின் முன்னால் தட்டோடு நின்றவள் நகரவே இல்லை.

"என்ன டோர்காஸ், உன் அழகை நீயே ரசிச்சுக்கிட்டிருக்கியா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன் மிஸ். இந்த ஆளுதான்..." என்று இழுத்தாள் டோர்காஸ். "இவன் நிக்கறானே."

"நிக்கறானா? செத்துக் கெடக்கறான்டி."

"செத்தவன் தொடைய இப்படி முறுக்கி வச்சுக்குவானா? ஒரு கால்ல பாரம் போட்டு நிக்கறான் பாருங்க. பேங்க் வாசல்ல நிக்கற காவக்காரன் மாதிரி."

அகஸ்டாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுபது பேர் பார்த்தார்கள், ஆன்ஸ்லோவே பார்த்தார். கோப்பை கழுவுகிறவளுக்கு மட்டும் தெரிந்துவிட்டதாக்கும்.

"ஒரு பக்கம் பிடி" என்றாள். இரண்டு பேருமாகப் படத்தை இறக்கி, பக்கவாட்டில் திருப்பி, செங்குத்தாகச் சுவரில் சாய்த்து வைத்தார்கள்.

லியாண்டர் எழுந்து நின்றான். இடது காலில் பாரம், இடுப்பு ஒரு பக்கம் தூக்கலாக, மார்பை நிமிர்த்தி, கம்பீரமாக நின்றான். அவனுக்கு ஒரு ஈட்டி கொடுத்தால் போதும், காவலுக்குப் போய்விடுவான்.

அகஸ்டாவுக்கு அவனை நன்றாகத் தெரியும். ஓவியப் பள்ளியில் ஆண்பிள்ளைகளுக்கு உயிருள்ள ஆள் உடுப்பில்லாமல் வந்து நிற்பான். பெண்பிள்ளைகளுக்கு அந்த அறை பூட்டியிருக்கும். அவர்களுக்குக் கொடுத்தது பிளாஸ்டர் சிலைகள். ஏழு வருஷம் அவள் அந்த வெள்ளை வீரனைச் சுற்றிச் சுற்றி வரைந்தாள். கண்ணை மூடினாலும் கை வரையும் அளவுக்குப் பாடமாகிவிட்டான். அவனைத்தான் அப்படியே தூக்கி மண்ணில் படுக்கப் போட்டிருந்தாள். பார்த்த எழுபது பேரும் அதே மாதிரி சிலைகளைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள். உடம்பு என்றால் அவர்களுக்கும் அதுதான்.

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இப்படியே அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. ஆன்ஸ்லோ பேசுவார், கண் மட்டத்தில் தொங்கும், நாரிச்சுக்குப் போக வேண்டாம். யாருக்குத் தெரியப் போகிறது?

டோர்காஸுக்குத் தெரியும். இப்போது அகஸ்டாவுக்கும் தெரியும்.

சுரண்டு கத்தியை எடுத்தாள். மார்பிலிருந்து ஆரம்பித்துக் கால் வரைக்கும் சுரண்டினாள். காயாத இடம் களியாக வந்தது, காய்ந்த இடம் செதிலாக உதிர்ந்தது. டோர்காஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ மிஸ், நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம். இருக்கலையே. இப்ப எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு ஆம்பளை வேணும்."

"என் வீட்டுக்காரன் இருக்கானே" என்றாள் டோர்காஸ். "தேம்ஸ்ல கரிப்படகு ஓட்டறவன். ஆறடி. படுக்கறது ஒண்ணுதான் அவன் ஒழுங்கா செய்யற வேலை."

"ஊர் என்ன சொல்லும்?"

"என் புருஷன், என் மடி. எவ என்ன சொல்றது?"

திங்கட்கிழமை டோர்காஸின் புருஷன் ஈனக் வந்தான். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாத கரி கழுத்து மடிப்பில் இருந்தது. இடுப்பில் ஒரு துணியோடு திரைக்குப் பின்னாலிருந்து வந்தபோது அகஸ்டாவை விட அவன்தான் அதிகம் வெட்கப்பட்டான். வீட்டுச் சொந்தக்காரி மிசஸ் பாஸ்க் அடுப்புக் கரி வாளியோடு கதவைத் திறந்து, பார்த்து, வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். அந்த வாரம் முழுக்க மறுபடி மாடி ஏறவில்லை.

"எந்தத் தண்ணி மிஸ் இது?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டான் ஈனக்.

"கடல். ரெண்டு கரைக்கும் நடுவுல ஒரு மைல் இருக்கும். ஓட்டம் பலம்."

"அப்ப அவ வாசல்லயே ஒதுங்கியிருக்க மாட்டான். மூணு மைல் கீழ போயிருப்பான்."

"இது கதைய்யா. பேசாமப் படு" என்றாள் டோர்காஸ்.

"தினம் நீந்தினானாமே, ஒரு படகு கெடைக்கலையா அவனுக்கு?"

"உன்னை மாதிரி படகுக்காரன் காதலுக்கெல்லாம் படகு குடுப்பானா? படு."

படுத்தான். டோர்காஸின் மடியில் தலை வைத்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை வந்தது. அகஸ்டா முதல் தடவையாக ஒரு மனித உடம்பு தரையில் எப்படிப் பரவுகிறது என்று பார்த்தாள். வயிறு ஒரு பக்கம் சரிந்தது. தோள் காதுப் பக்கம் ஏறிக்கொண்டது. பாதம் வெளிப்பக்கம் விழுந்தது. ஏழு வருஷம் தன்னை ஏமாற்றிவிட்டார்களே என்று ஆத்திரம் பொங்கியது. ஆத்திரத்தோடே வரைந்தாள், நன்றாகவே வந்தது.

புதன்கிழமை ஈனக் எழுந்து வந்து படத்தைப் பார்த்தான்.

"இது தூங்கறவன் மிஸ்."

"நீ தூங்கினா வேற என்ன வரும்?"

"நான் பதினொரு பேரைத் தண்ணியிலேருந்து தூக்கியிருக்கேன். அந்தக் கனம் வேற. தூங்கறவன் உடம்புக்கு யாரோ தாங்கறாங்கன்னு தெரியும். செத்தவன் உடம்புக்கு ஒண்ணும் தெரியாது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "யாரா இருந்தாலும் சரி, கரைக்கு வந்துட்டா நாங்க தொப்பியக் கழட்டிருவோம். குடிச்சுட்டு விழுந்தவனா இருந்தாலும், திருடனா இருந்தாலும். ஆத்துல படகு ஓட்டறவங்க வழக்கம்."

"எப்படி இருக்கும்னு காட்டேன்."

அவன் மறுபடி படுத்தான். இந்தத் தடவை கழுத்தை விட்டுவிட்டான். தலை டோர்காஸின் தொடையில் சரிந்து அவள் முழங்கால் பக்கம் தொங்கியது. வாய் திறந்துகொண்டது. ஒரு கை தரையில் விழுந்து, விழுந்தபடியே கிடந்தது.

டோர்காஸின் முகத்தில் இருந்த ஹேரோ எங்கேயோ போய்விட்டாள்.

"போதும் ஈனக். எந்திரி."

அவன் எழுந்திருக்கவில்லை. வேலையில் முழுசாக இறங்கிவிட்டிருந்தான்.

"எந்திரின்னா எந்திரிய்யா."

"அசையாதே டோர்காஸ்" என்றாள் அகஸ்டா.

"என்னால முடியாது மிஸ். உங்களுக்குத் தெரியாது. இவனுக்கு நீச்சல் தெரியாது. படகுக்காரங்க எவனும் கத்துக்க மாட்டான், விழுந்தா சீக்கிரம் முடியட்டும்னு. பனி எறங்கின நாள்ல எல்லாம் நான் வாசக்கதவைப் பார்த்துக்கிட்டுத்தான்..."

"பத்து நிமிஷம்."

டோர்காஸ் உட்கார்ந்தாள். அவள் கை பூவைத் தொடுகிற மாதிரி நிற்கவில்லை. நேராக அவன் மூக்குக்குக் கீழே போய், உள்ளங்கையை அவன் வாய்மேல் வைத்துக்கொண்டது. மூச்சு வருகிறதா என்று பார்க்கிற கை அது. மணல் மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்த ஆறு வாரத்தில் ஒரு நாளும் அந்தக் கை அங்கே போகவில்லை.

அகஸ்டாவுக்கு வெட்கமாக இருந்தது. இன்னொருத்தியின் பயத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து படம் எழுதுகிறோமே என்று இருந்தது. ஆனாலும் தூரிகை நிற்கவில்லை. பழைய கையைச் சுரண்டினாள், பழைய முகத்தையும் சுரண்டினாள்.

பத்து நிமிஷம் முப்பது நிமிஷமானது. முடிந்ததும் டோர்காஸ் புருஷன் தோளில் ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு மூன்று பேரும் ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிட்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆன்ஸ்லோ எட்டிப் பார்த்தார். படத்தைப் பார்த்தவர் தொப்பியைக்கூடக் கழற்ற மறந்து நின்றார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே? அந்த உடம்பு எங்க?"

"சுரண்டிட்டேன் சார்."

"இது கரி சுமக்கறவன் உடம்பு. அவளைப் பாரு. ஒரு காதலி இப்படியா பார்ப்பா? இது குடும்பம் நடத்தறவ பார்வை."

"ஆமா சார். அதை எனக்கு யாரும் சொல்லித் தரலை."

"நான் குழுவுல இதுக்காகப் பேச முடியாது மிஸ் பெல்லிங்."

"வேண்டாம் சார். அதுவே பேசிக்கும்" என்றாள் அகஸ்டா. வாய் அப்படிச் சொன்னதே தவிர, அவர் படியிறங்கும் சத்தம் அடங்கும் வரை அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. ஈரம் காயாத படத்தை ஈனக்கே கீழே சுமந்தான்.

முடிவு வர மூன்று வாரம் ஆனது. பெருக்கல் குறி போடவில்லை. ஏற்றுக்கொண்டதாகவும் போடவில்லை. சந்தேகம் என்று குறி போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் குறி விழுந்த படம், சுவரில் இடம் மிச்சமிருந்தால் தொங்கும், இல்லையென்றால் வீடு திரும்பும். இடம் இருந்தது. மூன்றாவது அறையில், வாசல்கதவுக்கு மேலே, கூரைக்கு ஒரு சாண் கீழே. அகஸ்டா அப்பாவுக்கு இரண்டே வரி எழுதினாள். "மாட்டிவிட்டார்கள். தம்பிக்கு வேறு ஆள் பாருங்கள்."

மே மாதம் கண்காட்சி திறந்த அன்றைக்கே டோர்காஸையும் ஈனக்கையும் கூட்டிக்கொண்டு போனாள். மூன்றாவது அறையில் நல்ல கூட்டம். கனவான்கள் தொப்பியும் கைத்தடியுமாகக் கண் மட்டத்துப் படங்களைப் பார்த்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் ஆன்ஸ்லோவும் இருந்தார்.

"எங்க இருக்கு மிஸ்?"

"மேல."

ஈனக் அண்ணாந்து பார்த்தான். உயரத்தில் ஒரு நனைந்த கை படத்தின் விளிம்பு வரைக்கும் விழுந்து கிடந்தது. ஒரு பெண் அந்த ஆளின் வாய்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இன்னும் நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கை தானாகத் தொப்பிக்குப் போனது. கழற்றி மார்போடு வைத்துக்கொண்டான்.

பக்கத்தில் நின்ற ஒரு கனவான் இவனைப் பார்த்தார், இவன் பார்க்கும் இடத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவரும் தொப்பியை எடுத்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அந்தச் சுவரோரம் பேச்சு நின்றுபோனது. ஆண்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேலே பார்த்தார்கள். ஆன்ஸ்லோ அகஸ்டாவை ஒரு தடவை பார்த்தார். கடைசியாக அந்தப் பட்டுத் தொப்பியும் இறங்கியது.

அகஸ்டா கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டோர்காஸ் புருஷன் விலாவில் இடித்தாள்.

"தொப்பிய மாட்டுய்யா" என்றாள் அடிக்குரலில். "அது நீதான்."

"தெரியும் புள்ள" என்றான் ஈனக், கண்ணை எடுக்காமல். "ஆனா கரைக்கு வந்துட்டானே."