வைட்ஃபீல்டுக்குப் போன காக்ஸ் டவுன் சீட்டு

1991 மழைக்காலத்திலிருந்து, உமேஷ் கண்டக்டராக ஏறிய பஸ்ஸின் கடைசி வரிசை மட்டும் வேறு இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சிவாஜிநகரிலிருந்து காக்ஸ் டவுனுக்குக் கிளம்பும் அந்த பஸ், ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து முதல் திருப்பத்தில் திரும்பும்போது, அதன் கடைசி வரிசை, உட்கார்ந்திருக்கும் ஆட்கள், அவர்கள் மடியிலிருக்கும் கொத்தமல்லிக் கட்டு, ஜன்னலோரத் தூக்கம் எல்லாவற்றோடும் வைட்ஃபீல்ட் பஸ்ஸின் பின்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். வைட்ஃபீல்ட் பஸ்ஸின் கடைசி வரிசை இங்கே வந்துவிடும். லேசாக ஒரு குலுங்கல், அதுவும் ரோட்டுப் பள்ளத்தில் குலுங்குவதைவிடக் குறைவு. முதல் வாரம் ஜனங்கள் கத்தினார்கள். அடுத்த வாரமே தொலைவிலிருக்கும் வைட்ஃபீல்டுக்குப் போகிறவர்கள், பக்கத்திலிருக்கும் காக்ஸ் டவுனுக்கு மலிவாக டிக்கெட் வாங்கிக்கொண்டு கடைசி வரிசைக்கு முட்டி மோதினார்கள். கேட்டால், "நான் ஏறினது காக்ஸ் டவுன் பஸ்ஸு. அது எங்க போனா எனக்கென்னப்பா?" என்று நியாயம் பேசினார்கள். சிவாஜிநகரில் மற்ற சரக்கு தீர்ந்து போகலாம், நியாயம் மட்டும் தீராது. டிப்போ இன்ஸ்பெக்டர் சேஷகிரி இரண்டு பஸ்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். ஒரு சீட்டு குறையவில்லை, ஒரு சீட்டு கூடவில்லை. "மொத்தம் சரியா இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்று காபி குடிக்கப் போய்விட்டார்.

மறு வருஷம் உமேஷுக்குச் சங்கமித்ராவைக் கட்டிவைத்தார்கள். அவள் சிவாஜிநகரில் ஒரு பட்டன், லேஸ் கடையில் வேலை பார்த்தவள். அடுத்த கடையில் பாதி விலைக்குத் தருகிறான் என்று யாராவது சொன்னால், "தருவான்க்கா, பாதி பட்டனா தருவான்" என்று சிரிக்காமல் சொல்லக்கூடியவள். மாமியார் லட்சுமம்மாவுக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடைபாதையில் ஜாக்கெட் பிட் வியாபாரம். பேரம் பேசத் தெரிந்த இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் இருந்ததால், குழம்புக்கு எவ்வளவு புளி என்பதுகூட இரண்டு பக்கமும் இறங்கி வந்த பிறகுதான் முடிவாகும். பார்க்கிறவர்களுக்குச் சண்டை மாதிரி இருக்கும். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு.

பொழுதுபோக்காக இல்லாத விஷயம் ஒன்றுதான். 93இல் சங்கமித்ரா உண்டானாள், மூன்றாம் மாதம் தாண்டவில்லை. 94இல் மறுபடியும் அப்படியே. முதல் தடவை லட்சுமம்மா மருமகளைப் படுக்கையை விட்டு எழுந்திருக்க விடாமல் பார்த்துக்கொண்டாள். இரண்டாவது தடவைக்குப் பிறகு மாதா கோயிலில் மெழுகுவத்தி, தர்காவில் சர்க்கரை, விகாரையில் பூ என்று எந்தக் கடையையும் விடாமல் ஏறி இறங்கினாள். சங்கமித்ராவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள், கர்ப்பப்பைக் குழாயைப் பார்த்தார்கள், சர்க்கரை, தைராய்டு என்று இருக்கிற எல்லாவற்றையும் பார்த்தார்கள். எதிலும் குறை இல்லை. கடைசியில் தெருவே கூடி ஒரு காரணம் கண்டுபிடித்தது: அவள் புருஷனோட பஸ்ஸில் கடைக்குப் போய் வந்ததால்தான் பிள்ளை இடம் மாறிப் போய்விட்டது. அதனால் 96இல் மூன்றாவது தடவை உண்டானபோது அவளை அந்த பஸ் பக்கமே விடவில்லை. கடைக்கு நடந்தே போனாள், நடந்தே வந்தாள். அதுவும் தங்கவில்லை. அன்று சாயங்காலம் அவள் வீட்டிலிருந்த துணிகளில் பிய்ந்துபோன பட்டன்களை எல்லாம் தைத்துக்கொண்டிருந்தாள்.

லட்சுமம்மா மனசு வியாபாரி மனசு. "ஒரு பிட்டு டேமேஜ் ஆனா கை தவறிடுச்சுங்கலாம். மூணும் டேமேஜுன்னா மில்லுலதான் கோளாறு" என்று அண்ணன் வீட்டில் போய்ச் சொன்னாள். அண்ணன் மகள் மகாவை உமேஷுக்கு இரண்டாவதாகக் கேட்கும் பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது. காதுக்கு வந்ததும் சங்கமித்ரா அழவில்லை. "நூலு ரெண்டு பக்கத்துல இருந்து வருது அத்தை. இத்தனை வருஷமா ஒரு பக்கத்தைத்தானே பிரிச்சுப் பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்து அவர்கள் போய்ப் பார்த்த டாக்டர் ரமாவும் அதையேதான் கேட்டார். இரண்டு பேர் ரத்தமும் வேண்டும் என்றார். உமேஷ், "எனக்கென்ன மேடம்? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று பின்வாசலைப் பார்த்தான். சங்கமித்ரா அவன் சட்டைக் காலரைப் பிடித்து உட்கார வைத்தாள். சில வாரம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் ஒரு போட்டோ இருந்தது. அதில் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக வெட்டி ஜோடி ஜோடியாக ஒட்டியிருந்தார்கள். சங்கமித்ராவுடையது எல்லாம் சரி. உமேஷுடைய நாலாம் ஜோடியில் ஒன்றின் வால், ஒன்பதாம் ஜோடியில் ஒன்றின் வாலோடு இடம் மாறியிருந்தது. பிறவியிலேயே அப்படி என்றார் ரமா. "உங்ககிட்ட எதுவும் குறையல, எதுவும் கூடல. அதான் உங்களுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா பிள்ளைக்கு நீங்க ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணுதான் குடுப்பீங்க. மாறினது ஒண்ணும் மாறாதது ஒண்ணுமா போனாத்தான் சிக்கல்."

உமேஷ் போட்டோவில் இடம் மாறிய வால்கள்மேல் விரலை வைத்தான். "அப்போ ஒரு டிப்போவுக்கு மாறின காக்ஸ் டவுன் பஸ்ஸும் மாறாத வைட்ஃபீல்ட் பஸ்ஸும் போன மாதிரி. வைட்ஃபீல்ட் கடைசி சீட்டு ரெண்டு இருக்கும், காக்ஸ் டவுன் கடைசி சீட்டே இருக்காது."

"கரெக்ட். அந்தக் கர்ப்பம் நிக்காது. மாறாதது ரெண்டும் சேர்ந்து போனா நல்ல பிள்ளை. மாறினது ரெண்டும் சேர்ந்து போனா உங்களை மாதிரி பிள்ளை, அதுவும் நல்லா இருக்கும்" என்ற ரமா, ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டே, "வீட்டுக்கு நான் தினமும் உங்க கடைசி சீட்டுலதான் போறேன்" என்றார். எந்த ஊர் டிக்கெட்டில் என்று உமேஷ் கேட்கவில்லை. ரமாவும் சொல்லவில்லை.

வீட்டில் லட்சுமம்மா முழுசாகக் கேட்டுவிட்டு, அண்ணனிடம் பேசியது பேசியதுதானே என்று ஆரம்பித்தாள். சங்கமித்ரா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்: "அத்தை, கோளாறு உங்க மில்லுல. மாத்தறதா இருந்தா நான்தான் புருஷனை மாத்தணும். மகாவுக்கு ஒரு தம்பி இருக்கானாமே?" லட்சுமம்மா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். வெங்காயம் என்று சொல்லிக்கொண்டாள். மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போய், "என் மருமக சரக்கு சுத்தம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். மகாவின் கல்யாணம் வேறு இடத்தில் ஜாம்ஜாமென்று நடந்தது.

விஷயம் தெரிந்ததால் விஷயம் தீர்ந்துவிடவில்லை. 98இல் இன்னொன்று போயிற்று. அந்தத் தடவை யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. மூன்று பேரும் சேர்ந்து அழுதார்கள், லட்சுமம்மா பிரியாணி ஆக்கினாள். 2000இல் ஐந்தாவது தடவை மூன்றாம் மாதம் தாண்டியது. நாலாம் மாதம் சங்கமித்ரா வயிற்றில் ஊசி விட்டு, ரமா பனிக்குட நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பதில் வரும்வரை சங்கமித்ரா கடையில் யாரோடும் பேரம் பேசவில்லை. கேட்ட விலைக்கே கொடுத்தாள், முதலாளி பயந்துபோனார். பதில் வந்தது: மாறினது இரண்டும் சேர்ந்தே வந்திருக்கிறது. அப்பனை மாதிரியே. எதுவும் குறையல, எதுவும் கூடல. அன்று மத்தியானமே அவள் ஒரு பெரிய மனுஷியிடம் லேஸுக்கு அடிதடி பேரம் பேசினாள்.

பெண் குழந்தை பிறந்தது, நல்ல எடை, நல்ல தொண்டை. மறுநாள் காலை நர்ஸ் வந்து பார்த்தபோது, குழந்தையின் மஞ்சள் போர்வையில் கால் பக்கம் மட்டும் நீலமாக இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த காக்ஸ் டவுன் மௌரீனின் மகன் லாயிடின் நீலப் போர்வைக்குக் கால் பக்கம் மஞ்சள். தையல் எங்கேயும் இல்லை. ரமா வந்து பார்த்துவிட்டு, பெண் பெரியவளாகிக் கல்யாணம் ஆகும்போது இதைச் சொல்லி டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார். லட்சுமம்மா, "எடுக்கலாம் மேடம். வர்ற பையன் முதல்ல அவன் ரத்தத்தை டெஸ்ட் பண்ணிட்டு வரட்டும்" என்றாள்.

நர்ஸ் போர்வைகளை மாற்றித் தரட்டுமா என்று கேட்டாள். "விடுங்க சிஸ்டர், ரெண்டும் காட்டன்தானே" என்றாள் மௌரீன். லட்சுமம்மா நீலத்தையும் மஞ்சளையும் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, மௌரீனுக்குக் கேட்காதபடி மருமகள் காதருகே குனிந்தாள்.

"நீலம்தான் உசத்தி. எதுவும் பேசாத, அப்படியே இருக்கட்டும்."

சங்கமித்ரா எதுவும் பேசாமல் நீலத்தை இழுத்துக் குழந்தையின் கால்களை மூடினாள்.