அடிக்கிறவர் சொல்ல வேண்டிய வார்த்தை

தலையணை உறையை மாற்றுவதற்காக அப்பாவின் பிடரியை ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தாள் மகள். தலை கனக்கவேயில்லை. ஐந்து நாளாக ஆகாரம் இறங்காத உடம்பு. "இன்னிக்குப் பொழுது தாண்டாதுங்க. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்று நர்ஸ் காலையிலேயே சொல்லிவிட்டாள். யாருக்குச் சொல்ல? தடுப்புத் துணிக்கு அந்தப்பக்கம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஐம்பது அறுபது பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் அவருடைய ஆட்கள். அவளுக்கென்று அதில் ஒருத்தர்கூட இல்லை.

அவர் குழாய் ரிப்பேர்காரர். ஊர் வைத்த பெயர் 'பொறுமை'. கீழ்த்தெருக்காரர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் மேல்தெருவில் கால் வைக்கக் கூடாது என்று ஒரு சட்டம். அவர் சீட்டில்லாமல் நடந்தார். பிடித்தால் அங்கேயே உட்கார்ந்தார். அடித்தால் வாங்கிக்கொண்டார். திருப்பி அடிக்காமலிருக்க மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். "கன்னத்தைக் காட்டுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு ஆண்டவர். கையைக் கட்டிக்கிட்டு எப்படிக் காட்டுறதுன்னு நாமதான பழகணும்?" என்பார்.

பழக்கம் நடந்தது வீட்டுக் கூடத்தில். எதிரெதிரே இரண்டு நாற்காலி. ஒருவர் போலீஸ். அவர் திட்டலாம், துப்பலாம், சட்டையைப் பிடித்து உலுக்கலாம். மற்றவர் வாய் திறக்கக் கூடாது, கை ஓங்கக் கூடாது. அடிக்கிறவர் "முடிஞ்சது" என்று சொன்ன பிறகுதான் இருவரும் கை பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பார்கள். அது இயேசு சிலுவையில் உயிர்விடும்போது சொன்ன வார்த்தையாயிற்றே, விளையாட்டுக்கு வேண்டாமே என்று பாஸ்டர் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "விளையாட்டு இல்லையே பாஸ்டர்" என்றார் இவர். அதோடு சரி.

போலீஸ் வேஷத்துக்கு மகளை விட்டால் ஆள் கிடையாது. செருப்புக் கம்பெனியில் நாற்பது மெஷினுக்கு மேல் குரல் கேட்க வேண்டிய உத்தியோகம், போதாததற்கு அம்மாவிடமிருந்து வந்த வாய். "டேய் கிழவா, எந்திரிடா!" என்று அவள் ஆரம்பித்தால் சமையலறையில் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அந்த அம்மா போய் ஒன்பது வருஷம். அவர் அப்போது ஜெயிலில் இருந்தார். இனி நடக்க மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே விடுவதாகச் சொன்னார்கள். அவர் போடவில்லை. அடக்கம் முடிந்து பதினேழாம் நாள் வெளியே வந்தார். மறுவாரமே கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாம்மா, சனிக்கிழமை நடக்கணும், பழக்கம் விட்டுப்போச்சு" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். டேய் வரவில்லை. "அப்பா" என்றுதான் வந்தது. "அம்மா மூச்சிழுத்துக்கிட்டுக் கெடந்தப்ப ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு வர்றதுக்கு உங்களுக்கு என்ன கேடு? ஊருக்கெல்லாம் நியாயம் வாங்கித் தர்ற மனுஷன், கட்டினவளுக்கு என்ன செஞ்சீங்க?" அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் கலங்கியது. அவள் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அதற்கு அவர் பதில் சொல்லவேயில்லை. அன்றைக்கும் இல்லை, அப்புறமும் இல்லை. ஒன்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் சோப்பு தீர்ந்தது, கேஸ் தீர்ந்தது என்று அவள் சொல்வதைத் தவிரப் பேச்சில்லை. கல்நெஞ்சு என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். வெறுத்தாள் என்றே சொல்லலாம். வெறுத்துக்கொண்டே இரண்டு வேளை சமைத்துப் போட்டாள்.

மத்தியானம் ரொட்டிக்காரர் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவள் விட்டுவிட்ட போலீஸ் நாற்காலியில் அப்புறம் உட்கார்ந்தவர் அவர்தான். கொண்டுவந்த ரொட்டியை அவள் தொடவில்லை.

"உங்கப்பா மாதிரி ஒரு பிடிவாதக்காரர நான் பார்த்ததில்லம்மா. ஒரு நாள் நான் பாட்டுக்குத் திட்டிட்டு, அடுப்பு ஞாபகம் வந்து ஓடிட்டேன். முடிஞ்சதுன்னு சொல்ல மறந்தாச்சு. மறுநா வணக்கம் வைக்கிறேன், பேச மாட்டேங்கிறாரு. அதுக்கு மறுநாளும் அப்படித்தான். அப்புறம் ஞாபகம் வந்து, வந்து சொன்னேன். அப்பதான் வாயத் தெறந்தாரு. 'அடிக்கிறவர் முடிக்காம நான் எப்படிய்யா பேசுறது, வெளியிலயும் அப்படித்தான'ங்கிறாரு!" ரொட்டிக்காரர் சிரித்தார். சிரிப்பிலேயே அழுகை வந்துவிட, துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

அன்றைக்கு அவளும் அந்த வார்த்தையைச் சொல்லாமல்தானே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்? பாவி மனுஷா, ஒன்பது வருஷமா அந்த நாற்காலியிலயா உட்கார்ந்திருந்தே?

சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதானே? ஒரு வார்த்தை. ஆனால் சாகக் கிடப்பவரிடம் போய் "முடிஞ்சது" என்று சொல்ல எந்த நாக்கு எழும்? அதுவும் மெதுவாகச் சொல்ல முடியாது. இடது காது தடியடியில் சுத்தமாகப் போய்விட்டது, வலது காதில் கத்த வேண்டும். இரண்டு தடவை குனிந்தாள், இரண்டு தடவையும் போர்வையைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தாள். மூன்று மணிக்கு அவர் மூச்சு மாறியது. இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. இனி யோசித்தால் காலத்துக்கும் யோசித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். வலது காதில் வாயை வைத்தாள்.

"அப்பா! முடிஞ்சதுப்பா! முடிஞ்சது!"

கம்பெனிக் குரல். வராந்தாவுக்குக் கேட்காமலா இருக்கும்? அங்கே யாரோ ஒரு பெண் விம்மினாள். பாஸ்டரின் கனத்த குரல் அடக்கப் பாட்டை எடுத்தது. அறுபது பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

ஐயோ, உயிரோட இருக்காருய்யா என்று கத்த அவள் எழப் பார்த்தாள். முடியவில்லை. அப்பாவின் கை அவள் கையைப் பிடித்திருந்தது. கண் திறந்திருந்தது. தன் சாவுக்குப் பாடுகிறார்கள் என்பது அவருக்குக் கேட்டதோ இல்லையோ, அவர் அவளை மட்டும் பார்த்தார். உதடு அசைந்தது. அவள் காதைக் கொண்டுபோனாள்.

"போட்டிருக்கலாம்மா."

"என்னப்பா?"

"கையெழுத்து... போட்டுட்டு வந்திருக்கலாம். அவ தேடியிருப்பா."

"தேடினாங்கப்பா" என்றாள். பொய் சொல்ல வரவில்லை. "கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துட்டிருந்தாங்க."

அவர் தலையை அசைத்தார். அழுதார் என்று சொல்வதற்குக்கூட அந்த உடம்பில் தண்ணீர் இல்லை. வெளியே மூன்றாவது சரணம் முடிவதற்குள், அவர்கள் பாடியது உண்மையாகிவிட்டது.

கொஞ்ச நேரம் அவள் கையை எடுக்கவில்லை. கோபப்பட இனி ஆளில்லை. மன்னிக்க ஒரு ஆள் கிடைத்த அன்றைக்கே அவரும் போய்விட்டார். பாடிக்கொண்டிருந்த அத்தனை பேரிலும் இதை யாரிடம் சொல்வது?

பாட்டு முடிந்து பாஸ்டர் உள்ளே வந்தார், பின்னால் ரொட்டிக்காரர். பாஸ்டர் கண்ணை மூடி ஜெபித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாராம்மா? ஆராதனையில சொல்லணும். ஜெயிலுக்குள்ள இருக்கிற பதினோரு பேருக்கும் எழுதி அனுப்பணும். நேத்துகூட அவங்ககிட்ட தாளை நீட்டியிருக்காங்க. பொறுமை அண்ணன் போட்டாரா, நாங்க போடன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. அதுல ஒரு பொண்ணுக்கு ஆறு மாசக் கைக்குழந்தை."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் குழந்தை இப்போது யார் மடியில் இருக்கும் என்று தோன்றியது. சொன்னாலும் பாவம், சொல்லாவிட்டாலும் பாவம்.

"தண்ணி கேட்டாரு" என்றாள்.

"தாகம்னாரா! சிலுவையில ஆண்டவர் சொன்ன மாதிரியே!" பாஸ்டரின் கண் நிறைந்துவிட்டது. "கொடுத்தியாம்மா?"

"ரெண்டு வாய் குடிச்சாரு."

பாஸ்டர் அதைச் சொல்லிக்கொண்டே வராந்தாவுக்கு விரைந்தார். ரொட்டிக்காரர் போகவில்லை. கட்டிலோரத்து மேஜையில் தண்ணீர் டம்ளர் விளிம்புவரை நிறைந்திருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அலுங்காமல் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"குடிம்மா. காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல."

அவள் வாங்கி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் குடித்தாள்.